கிரிலக்காவும் ஆளில்லாத சட்டைகளும்

“ரெண்டாவது தடவ எண்றவங்க யாரு? மொதல் தடவ ஒழுங்கா எண்ணாதவங்க. நான் எண்ணினா எண்ணினதுதான். அந்தக் கடலே நேர்ல வந்து மறுத்துச் சொன்னாலும் ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது!”

கிரிலக்கா இந்த வாக்கியத்தை அருளியது பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். துருவ ஆராய்ச்சி நிலையத்தைப் பார்வையிட ஆறு பேர் கொண்ட குழு வந்திருந்தது. அதில் ஒருவர், வந்ததற்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, “இந்த எண்ணிக்கையை யாராவது சரிபார்ப்பதுண்டா?” என்று கேட்டுத் தொலைத்தார். பதிலைக் கேட்டதும் குழு கைதட்டியது. துறைத்தலைவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதமே ‘இரண்டாம் எண்ணிக்கையாளர்’ என்னும் பதவி, தேவையற்றது என ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டதால், ஒழிக்கப்பட்டது. அந்தப் பதவியில் இருந்த சாதுவான மனிதர் நூலகத்துக்கு மாற்றப்பட்டார். கிரிலக்காவுக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தார்கள். பதிவேட்டில் ‘இரண்டாம் எண்ணிக்கை’ என்ற பத்தியை மட்டும் யாராலும் ஒழிக்க முடியவில்லை, ஏனென்றால் அது அச்சடித்து வந்துவிட்டது. அதில் தினமும் ஒரு சிறு கோடு இழுக்கப்பட்டது. அக்காவின் வாக்கியத்தைத் தட்டச்சு செய்து, சட்டம் போட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டினார்கள். ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதரின் வேலையைக் காலி செய்தவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதை நல்லெண்ணத்தோடு செய்தவர்கள் குறைவு.

அப்படி என்னத்தை எண்ணினார்? கிரில். பூமியின் தென்கோடியில், பனி மூடிய கடலில், கூட்டங்கூட்டமாய்த் திரியும் இறால் போன்ற சிற்றுயிர். சுண்டுவிரல் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு. கடல்மேல் மிதக்கும் பனியின் அடிப்பக்கத்தில் பாசி வளரும். பாசியைக் கிரில் தின்னும். கிரிலைப் பென்குவின் தின்னும், சீல் தின்னும், திமிங்கலம் ஒருமுறை வாயைத் திறந்து மூடினால் ஒரு ஊரே உள்ளே போகும். ஆக அந்தக் கடலின் மொத்தக் குடித்தனமும் இந்தச் சுண்டுவிரலின் தலையில்தான் நிற்கிறது. பனி குறைந்தால் பாசி குறையும். பாசி குறைந்தால் கிரில் குறையும். கிரில் குறைந்தால் மற்றவர்கள் பாடு அதோகதி. எனவே அதை யாராவது எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த யாராவது, முப்பத்தொரு வருடமாக, நம் கிரிலக்கா.

இதை மாடிவீட்டு அம்மாவுக்குப் புரியவைப்பது மட்டும் அவரால் ஆகவில்லை.

“அக்கா, நீங்க கிரில் கம்பெனியிலதானே வேலை பாக்கறீங்க? பால்கனிக்கு ஒண்ணு போடணும். சொல்லி வுடுங்களேன்.”

“அது கம்பி கிரில் இல்லம்மா. இது உயிரு.”

“உயிரையா எண்றீங்க?”

“ஆமா. செத்த உயிர.”

மாடிவீட்டு அம்மா இரண்டு படி பின்வாங்கி ஏறிப்போனார். அடுத்த வருடம் அவரே மறந்துபோய் மறுபடி கேட்டார். அதற்கடுத்த வருடமும். இப்போதெல்லாம் கிரிலக்கா மூச்சை இழுத்துவிட்டு, “பால்கனி எத்தனை அடி?” என்று மட்டும் கேட்கிறார். அறிவியலைப் பரப்புவதற்கும் ஒரு வயது உண்டு.

வருடத்துக்கு ஒரு முறை கப்பல் வரும். அறுபது கண்ணாடி ஜாடிகள் இறங்கும். ஒவ்வொன்றும் அந்தக் கடலில் ஓர் இடத்தில் வலை போட்டு இழுத்தது, கெடாமலிருக்க மருந்தில் ஊறுவது. ஒரு ஜாடிக்கு மூன்று நாள். வெள்ளைத் தட்டில் ஊற்றவேண்டும். தட்டில் கட்டங்கள் போட்டிருக்கும். கூட வந்த குட்டி மீன், புழு, பெயர் தெரியாத இன்னபிற விருந்தாளிகளை ஊசியால் ஒதுக்கிப் பிரித்துப் பதியவேண்டும். பிறகு பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் கட்டம் கட்டமாகக் கிரிலை எண்ணவேண்டும். கட்டைவிரலில் ஒரு எண்ணிக்கைக் கருவி: அமுக்கினால் டிக். அந்த விரலில் காய்ப்பு ஏறி, அது இப்போது வேறு யாருடைய விரலோ என்பதுபோல் இருக்கிறது. மருந்து நெடியில் மூக்கும் ஓய்வு பெற்றுவிட்டது. வீட்டில் அடுப்பில் பால் தீய்ந்தால் அடுத்த தெருவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. துருவத்தை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு நெருங்கிய பழக்கமுள்ள பனி ஒன்றுதான்: வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் மாதமொருமுறை கரண்டிக் காம்பால் கொத்தி எடுப்பது.

வேலைக்குச் சேர்ந்த அன்று அவருக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்றே ஒன்று. கிரில் வளர வளரத் தன் மேலோட்டை உரித்துப்போடும். கால், மீசை, கண்ணின் மூடிகூட அப்படியே ஒரே துண்டாகக் கழன்று வரும். அதற்கு அந்த அறையில் பெயர் ‘சட்டை’. வலையில் ஆளும் வரும், சட்டையும் வரும். விதி என்னவென்றால்: ஆளை எண்ணு, சட்டையை எண்ணாதே. கண்ணைப் பார். கறுப்புப் புள்ளி இருந்தால் ஆள். இல்லையென்றால் உள்ளே யாரும் இல்லை.

அக்காவின் கணவருக்கு நேர் எதிர் தொழில். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆள் முக்கியமில்லை, சட்டைதான். வரும்போது எண்ணுவார், துவைக்கும்போது எண்ணுவார், கொடுக்கும்போது எண்ணுவார். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பார். “ஒரு தடவ பூட்டினா பூட்டினதுதாங்க, அது என்ன மனசு மாறிடுமா?” என்று அக்கா வாசலில் நின்று கேட்பார். “நீ ஆராய்ச்சி நிலையத்துல இருக்க. நான் நிஜ உலகத்துல இருக்கேன்” என்பது கணவரின் நிலையான பதில்.

இவ்வளவு புகழுக்குரிய அக்காவுக்குக் கடைசி சில வருடங்களாக ஒரே மனக்குறை, விளக்கு. ஏழு வருடத்துக்கு முன்னால் முதல் புகார் எழுதினார்: ‘விளக்கு மங்கல்’. மின்பணியாளர் வந்து மாற்றினார். அடுத்த வருடம் மறுபடி மங்கல். மறுபடி மாற்றினார். நான்காவது முறை அவர் ஏணியிலிருந்து இறங்காமலேயே சொன்னார்: “அக்கா, இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா நான் போய் சூரியனத்தான் கழட்டிட்டு வரணும்.” அக்கா அவரை மன்னித்தார். இந்தக் காலத்துப் பொருள்களே இப்படித்தான், எதிலும் பழைய தரம் இல்லை என்று பொதுவாக உலகத்தைக் குறைசொல்லிவிட்டு, மங்கலிலேயே எண்ணிப் பழகினார். கண்ணைத் தனியாகத் தேடவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முப்பது வருட அனுபவம். உருவத்தைப் பார்த்தாலே தெரியாதா?

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போதுதான் வரைபடக்காரி வந்து நின்றாள். எண்களை வாங்கிக் கோடுகளாக்குவது அவள் வேலை. கையில் ஒரு தாள். தாளில் இரண்டு கோடுகள்.

“அக்கா, இது பனி. ஏழு வருஷமா சறுக்கு மரத்துல எறங்கற மாதிரி எறங்குது. இது உங்க கிரில். அசையாம நிக்குது. ஓரத்துல கொஞ்சம் ஏறவும் செய்யுது. சோறு கொறையுது, பந்தியில ஆளு கொறையல. எப்படிக்கா?”

“நான் எண்ணினது அங்க இருக்கு. காரணம் கண்டுபிடிக்கறது உங்க வேலை.”

“தலைவர் கண்டுபிடிச்சிட்டாரு. ‘கிரில் தாக்குப்பிடிக்கிறது’னு அறிக்கையே எழுதிட்டாரு. இன்னும் ஆறு மாசத்துல பெரிய மாநாடு. இத வச்சுத்தான் அந்தக் கடல்ல இன்னும் எத்தனை கப்பல் வலை போடலாம்னு முடிவு பண்ணப்போறாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் எத்தனையோ கோடு போட்டிருக்கேன். இப்படி ஒரு கோடு பாத்ததே இல்ல. நீங்க எண்ணினதுங்கறதாலதான் நம்பறேன்.”

இது பாராட்டு என்று எண்ணி அக்கா அன்று முழுக்க மகிழ்ச்சியாகவே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு கணவரின் கடைக்குப் போனார். கணவர் உள்ளே நீராவியில் இருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில், கறுப்புக் கோட்டு போட்ட உயரமான ஒருவர் நின்றிருந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. அவர் உள்ளதான் இருக்காரு” என்றார் அக்கா.

அவர் உட்காரவில்லை. சில பெரிய மனிதர்கள் அப்படித்தான்.

“வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கறீங்களா?”

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். நீட்டியபடியே நின்றார். வாங்குவதற்குக் கை வரவில்லை. கணவர்தான் வந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“யாருகிட்ட பேசிட்டிருக்க?”

“இவருகிட்டதான். தண்ணி குடுத்தா வாங்கமாட்டேங்கறாரு.”

கணவர் கோட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கம்பியில் தொங்கிய அந்தக் கோட்டின் கையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிக் காட்டினார்.

“அது ஆளு இல்லம்மா. சட்டை.”

அதன்பிறகு அவர் சிரித்த சிரிப்பில் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொள்ளவேண்டியதாயிற்று. துணி வாங்க வந்த மூன்று பேருக்கு அதே இடத்தில் நின்று நடித்துக் காட்டினார். மூன்றாமவரிடம் கோட்டே பேசியது. அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் கல்லா மேல் வைத்தார். டப்பாவை வைத்தார். ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்கார்ந்தார்.

“என்னம்மா, கோவிச்சுக்கிட்டியா? சும்மா தமாஷுக்கு.”

“இல்லங்க. நீங்க கடைசியா சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க.”

“எத? ஆளு இல்ல, சட்டைன்னா?”

“போதும்.”

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. கண் மருத்துவரிடம் போனார்.

“ரெண்டு கண்ணுலயும் புரை. நல்லா முத்திருக்கு” என்றார் மருத்துவர். “எத்தன நாளா மங்கலா இருக்கு?”

“கண்ணு மங்கலில்ல டாக்டர். விளக்குதான் மங்கலா இருந்துச்சு.”

“எந்த விளக்கு?”

“ஆபீஸ் விளக்கு. ஏழு வருஷமா.”

மருத்துவர் விளக்கைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ‘ஏழு வருடம்’ என்று மட்டும் எழுதினார்.

ஒரு கண், பிறகு மறு கண் என்று அறுவை சிகிச்சையிலும் ஓய்விலும் இரண்டு மாதம் போயிற்று. கட்டுப் பிரித்த அன்று அக்காவுக்கு உலகம் எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று தெரிந்தது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. மின்விசிறியில் தூசி. எதிரே கணவர்.

“நீங்க எப்பங்க இவ்வளவு நரைச்சீங்க?”

“நீ பாக்காதப்ப” என்றார் அவர்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அக்கா செய்த முதல் காரியம், எண்ணி முடித்தும் இன்னும் கிடங்குக்குப் போகாத போன வருடத்து ஜாடி ஒன்றை எடுத்து வந்து தட்டில் ஒரு கரண்டி ஊற்றியது. இதை எண்ணுவது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அவர் எண்ணவில்லை, பார்த்தார். இந்த வேறுபாட்டை அவர் கறாராகக் காப்பாற்றினார். எண்ணிக்கைக் கருவியை மேசை இழுப்பறையிலேயே விட்டுவைத்தார்.

ஒரு கட்டத்தில் ஒன்பது உருவங்கள் கிடந்தன. அழகாக, மீசை முதல் வால் வரை முழுதாக. ஆறுக்குக் கண்ணில் கறுப்புப் புள்ளி இருந்தது. மூன்றுக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நீர்க்குமிழி மாதிரி ஒன்று. ஊசியால் தொட்டார். அது காற்றில் ஆடும் கோட்டின் கைபோல ஆடியது.

வரைபடக்காரியைக் கூப்பிட்டார்.

“பசியில இருந்தா கிரில் சட்டை கழட்டாது இல்ல?” அவர் குரலில் ஒரு வேண்டுகோள் இருந்தது.

“அதான் இல்லக்கா. பசிச்சா உடம்பச் சுருக்கிக்கும். இருக்கற சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அதவிடச் சின்னதாப் போட்டுக்கும். பெல்ட்டுல உள்பக்கமா ஓட்டை போட்டுக்கற மாதிரி. பட்டினி கெடந்தாலும் கழட்டிட்டேதான் இருக்கும்.” பிறகு அவள் தட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். தன் வரைபடக் கோட்டை நினைத்தாளோ என்னவோ, “ஐயோ” என்றாள், ரொம்ப மெதுவாக.

துறைத்தலைவரின் அறைக்கு இரண்டு மாடி. முழங்கால் ஒவ்வொரு படியிலும் தன் கருத்தைத் தெரிவித்தது. தலைவர் தாள் மலைக்கு நடுவில் இருந்தார். முடியும் உறக்கமும் ஒன்றாகக் குறைந்துபோன மனிதர்.

“வாங்கம்மா. கண்ணு எப்படி இருக்கு?”

“நல்லாத் தெரியுது சார். அதான் பிரச்சனை. ஏழு வருஷத்து எண்ணிக்கை தப்பு. சட்டையையும் ஆளா எண்ணியிருக்கேன்.”

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் உதவி எதுவும் இல்லை.

“எவ்வளவு தப்பு?”

“எண்ணினாத்தான் தெரியும்.”

“ஆனா நீங்கதான் ரெண்டாவது தடவ எண்ணமாட்டீங்களே?” என்றார் தலைவர். அதில் கேலி இல்லை. மூழ்குகிறவன் குரலில் இருக்கும் நம்பிக்கைதான் இருந்தது.

அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க போறதுக்கு நாலு மாசம். விழா வச்சிருக்கோம். உங்க வாக்கியத்தக் கேடயத்துல செதுக்கக் குடுத்தாச்சு.”

“செதுக்கினத அழிக்க முடியாதா சார்?”

“முடியாது.”

“அப்ப அத வச்சுக்கிட்டு என்னதான் பண்றது?” என்று அக்கா உண்மையான கவலையோடு கேட்டார். பிறகு, “கேடயத்த விடுங்க சார். ஆளில்லாத சட்டையக் காட்டி, கூட்டம் இருக்கு, வலை போடுங்கன்னு சொல்லப்போறோம். நான் சொன்னேன்னு சொல்லப்போறீங்க.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏழு அறுபது, நானூத்தி இருபது ஜாடி. மாநாட்டுக்கு எண்பத்து நாலு வேலை நாள் இருக்கு. யாரு எண்றது? ரெண்டாம் எண்ணிக்கையாளர்னு ஒரு பதவியே நம்மகிட்ட இல்லையே.”

“பதவி இல்ல சார். முக்காலி இருக்கு. பிரிக்கறது, பதியறது எல்லாம் முன்னாடியே முடிஞ்சாச்சு. வெறும் எண்ணிக்கைதான். ஒரு நாளைக்கு அஞ்சு ஜாடி.”

தலைவர் மனக்கணக்கு போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது போலும்.

“அறிக்கைய நிறுத்தி வைக்கறேன்னு இப்ப நான் சொல்லமாட்டேன்” என்றார் எழுந்தபடி. “புது எண்ணு வந்தா, வந்த எண்ணத்தான் எழுதணும். அதுவும் எனக்குத் தெரியும். கிடங்குச் சாவி அந்த ஆணியில தொங்குது. நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வரும்போது அது அங்க இல்லைன்னா எனக்குத் தெரியாது.”

கீழே வந்து கிரிலக்கா தண்ணீர் கேனை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் இறக்கினார். வரைபடக்காரி ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். முக்காலியில் பதினோரு வருடத் துரு வட்டமாக ஒட்டியிருந்தது. அக்கா ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை, பரவாயில்லை என்று விட்டார். மேசைக்கு அந்தப் பக்கம், அந்தச் சாதுவான மனிதர் உட்கார்ந்த இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்க இடம் இந்தப் பக்கம்க்கா” என்றாள் வரைபடக்காரி.

“மொதல் தடவ எண்ணினவங்க இடம் அது.”

இங்கிருந்து பார்த்தால் எதிர்ச்சுவர் தெரிந்தது. முதுகுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டதால் அக்கா இத்தனை வருடத்தில் தன் வாக்கியத்தைப் படித்ததே இல்லை. இப்போது எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. ‘ஒன்று கூடாது, ஒன்று குரையாது’ என்று அடித்திருந்தார்கள். எந்த நாயோ.

“இத யாரும் பாக்கலையா இவ்வளவு வருஷமா?”

“சரிபாக்கற ஆளு இல்லையேக்கா” என்றாள் வரைபடக்காரி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கிரிலக்கா சிரித்தார். சனிக்கிழமைக்குப் பாக்கி வைத்திருந்த சிரிப்பு அது. சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. ஏழு வருடத்துக்கு முந்தைய முதல் ஜாடியைத் திறந்தார். வெள்ளைத் தட்டில் ஊற்றினார். பதிவேட்டைத் திறந்து, ‘இரண்டாம் எண்ணிக்கை’ப் பத்தியில் தாம் இழுத்திருந்த சிறு கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். இழுப்பறையிலிருந்து கருவியை எடுத்துக் காய்ப்பேறிய விரலில் மாட்டினார்.

முதல் கட்டத்தில் முதலில் கிடந்ததற்கு மீசை இருந்தது, கால்கள் இருந்தன. கண் இருக்கவில்லை. ஊசியால் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். அடுத்ததற்கும் இல்லை. அதையும் ஒதுக்கினார். மூன்றாவதிடமிருந்து ஒரு கறுப்புப் புள்ளி அவரைப் பார்த்தது.

“ஒண்ணு” என்றார் கிரிலக்கா.